பொலோட்ஸ்கியும் பண்டை எகிப்திய வினையும்

ஷாம்போலியன் 1822-இல் எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்ட பின்னர், அம்மொழியின் இலக்கணம் இருமுறை அடிப்படையினின்றே மாற்றி எழுதப்பட்டது. முதன்முறை மாற்றியவர் அடால்ஃப் எர்மான். 1880-இல் வெளிவந்த அவருடைய பிற்கால எகிப்திய இலக்கணமும், 1894-இல் வெளிவந்த எகிப்திய இலக்கணமும், அம்மொழி காலந்தோறும் வேறுபட்ட பல நிலைகளை உடையது என்பதை நிறுவின. இரண்டாம் முறை மாற்றியவர் ஹான்ஸ் யாக்கோபு பொலோட்ஸ்கி. எர்மானுக்குப் பெர்லின் நகரும், 1897-இல் தொடங்கிய பேரகராதித் திட்டமும், நாடு பலவற்றினின்று வந்த மாணவர் குழுவும் துணை நின்றன. பொலோட்ஸ்கிக்கு இருந்தவை எருசலேமில் ஒரு சிறு வகுப்பும், போர்க்காலத்தில் வெளியிட்ட ஒரு சிறு நூலுமே.

அந்நூலின் வன்மை எதனின்று தோன்றியது, அவ்வன்மை பின்னாளில் எவ்விடத்துத் தன் எல்லையைக் கடந்தது என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். தமிழிலக்கணம் பயின்றார்க்கு இவ்வாராய்ச்சி புறம்பானதன்று. பொலோட்ஸ்கி தம் மாணவர்க்கு விளக்கப் பெரிதும் முயன்ற கருத்து, தொழிற்பெயரையும் பெயர்ப் பயனிலையையும் அறிந்த தமிழ் மாணவன் ஒருவனுக்கு ஓரிரு தொடர்களால் விளங்கிவிடும். அவர் தவறிய இடமும் அவ்வாறே விளங்கும் என்பது என் துணிபு.

பொலோட்ஸ்கி 1905-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சூரிக் நகரில், உருசிய நாட்டினின்று வந்த யூதப் பெற்றோர்க்குப் பிறந்தார். அவர் வளர்ந்தது பெர்லினில். பயின்றது பெர்லினிலும் கெட்டிங்கனிலும். எகிப்தியத்தில் அவர்தம் ஆசிரியர் கூர்ட் சேத்தே. 1899 முதல் 1902 வரை வெளிவந்த ‘எகிப்திய வினை’ என்னும் பெருநூலை இயற்றியவர் சேத்தே. வினை வடிவம் ஒவ்வொன்றையும் கல்வெட்டிலும் ஏட்டிலும் தேடித் தொகுத்து, வேரும் ஈறும் வகுத்து, வரிசைப்படுத்திய நூல் அது. ‘இவ்வடிவம் எவ்வாறு ஆக்கப்பட்டது’ என்பதே அந்நூல் முழுதும் கேட்ட கேள்வி. ‘இவ்வடிவம் எத்தொடரில் எதற்காக வருகின்றது’ என்பது இரண்டாம் நிலைக் கேள்வியாகவே நின்றது. மாணவர் பின்னர்ச் செய்தது இவ்வரிசையைத் தலைகீழாக்கியதே ஆகும். எனினும், சேத்தேயின் தொகுப்பு இல்லாவிடில் அம்மாணவர் கையில் தலைகீழாக்குதற்கும் ஒன்றும் இருந்திராது.

பதினோராம் அரசமரபின் கல்வெட்டுக்களை ஆராய்ந்து 1929-இல் அவர் முனைவர் பட்டம் பெற்றார். அக்காலத்திலேயே கெட்டிங்கனில், பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பைப் பல மொழிச் சுவடிகளோடு ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் திட்டத்திலும் பணியாற்றினார். அதன்பின் அவரை ஈர்த்தது மாணி சமயத்தார் சுவடிகள். எகிப்தின் ஃபையூம் பகுதியில் மெதினெத் மாடி என்னும் இடத்தினின்று வந்த அச்சுவடிகளை 1930-இல் கார்ல் ஷ்மிட் கெய்ரோவில் கண்டறிந்தார். காப்டிக் மொழியில் எழுதப்பட்டு, ஈரத்தால் ஒட்டிச் சிதைந்த பாபிரசுத் தாள்கள் அவை. ஷ்மிட்டும் பொலோட்ஸ்கியும் சேர்ந்து 1933-இல் அக்கண்டுபிடிப்பை அறிஞருலகிற்கு அறிவித்தனர். 1934-இல் ‘மாணி சமயப் பேருரைகள்’ பொலோட்ஸ்கியின் பதிப்பாக வெளிவந்தது. முப்பது அகவை நிரம்பாத இளைஞர் செய்த பதிப்பு அது.

இவ்விரு பணிகளும் இலக்கணப் பணிகள் அல்ல. ஆதலின், அவர் வரலாற்றை எழுதுவோர் இவற்றை விரைந்து கடந்து செல்லல் கூடும். அது பொருந்தாது. மொழிபெயர்ப்பினை அதன் மூலத்தோடு தொடர்தொடராக ஒப்பிட்டு, மொழிபெயர்த்தவன் இவ்விடத்து இவ்வடிவத்தை ஏன் கொண்டான் என வினவும் பழக்கம் முதற்பணியில் வந்தது. பாதி அழிந்த ஒரு தொடரின் எஞ்சிய பகுதி எதுவாயிருத்தல் கூடும், எதுவாயிருத்தல் இயலாது என முடிவு செய்யும் பழக்கம் இரண்டாம் பணியில் வந்தது. தொடரின் யாப்பினை உணராதவன் சிதைந்த சுவடியைப் படித்தல் அரிது. அவருடைய கண்டுபிடிப்பு இவ்விரண்டு பழக்கங்களின் பயன் என்றே கொள்ளத்தகும்.

1933-இல் செருமனியில் நாசிக் கட்சி ஆட்சிக்கு வந்தபின் யூத அறிஞர்க்கு அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடமில்லாது போயிற்று. 1935-இல் பொலோட்ஸ்கி எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியரானார். அது 1925-இல் தொடங்கப்பெற்ற இளம் பல்கலைக்கழகம். இறுதிவரை அவர் அங்கேயே பணியாற்றினார்.

இனி, அவர் எடுத்துக்கொண்ட சிக்கலைக் காண்போம். எகிப்திய எழுத்து உயிரொலிகளைக் குறிப்பதில்லை. மெய்களை மட்டுமே காட்டும். ‘அவன் கேட்கின்றான்’ என்னும் பொருளதாக இலக்கண நூல்கள் காட்டும் ‘செஜெம்-எஃப்’ என்னும் வடிவத்தில், எகரங்கள் யாவும் இக்கால ஆசிரியர் உச்சரிப்புக்கெனப் பெய்துகொண்டவையே. உயிர் வேறுபாட்டால் வேறுபட்ட பல வடிவங்கள் எழுத்தில் ஒன்றாகவே தோன்றும். சில வினைகளில் மட்டும் வேறுபாடு கண்ணுக்குப் புலனாகும். ‘செய்’ என்னும் பொருளுடைய வினை ஓரிடத்து ‘இர்’ எனவும், மற்றோரிடத்து மெய் இரட்டித்து ‘இர்ர்’ எனவும் எழுதப்படும். இவ்விரட்டிப்பு எதற்காக? எர்மான் இதற்கு அழுத்த வடிவம் எனப் பெயரிட்டார். வினை அழுத்திக் கூறப்படுகின்றது என்பது கருத்து. ஆலன் கார்டினர் 1927-இல் வெளியிட்ட எகிப்திய இலக்கணத்தில், இதனை முற்றுப்பெறாத, திரும்பத் திரும்ப நிகழும் தொழிலைக் குறிக்கும் வடிவம் என்றார். கார்டினர் கூறியது மேற்போக்கில் ஏற்புடையதே. மெய் இரட்டித்தால் தொழிலும் பலகால் நிகழ்வதாகும் எனக் கருதுதல் மனத்திற்கு இசைவானது. ஆயின் தொடர்களை எடுத்து வைத்து நோக்குமிடத்து, ஒருமுறையே நிகழ்ந்த செயலுக்கு இரட்டித்த வடிவமும், நாள்தோறும் நிகழும் செயலுக்கு இரட்டியாத வடிவமும் வருதல் காணப்பட்டது. அவற்றிற்குக் கார்டினர் தனித்தனியே அமைதி கூற வேண்டியதாயிற்று.

பொலோட்ஸ்கி இச்சிக்கலை முன்வாயில் வழியாக அணுகவில்லை. எகிப்திய மொழியின் இறுதி நிலையாகிய காப்டிக்கிலிருந்து தொடங்கினார். காப்டிக் கிரேக்க எழுத்தில் எழுதப்பட்டது; ஆதலின் உயிரொலிகள் வெளிப்படை. அம்மொழியில் ஒவ்வொரு காலத்திற்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. ‘அவன் கேட்டான்’ என்பதற்கு ‘அஃப்-’ எனத் தொடங்கும் வடிவம் ஒன்று. ‘என்தஃப்-’ எனத் தொடங்கும் வடிவம் மற்றொன்று. இலக்கண ஆசிரியர் முன்னதனை முதற்காலம் என்றும், பின்னதனை இரண்டாங்காலம் என்றும் வழங்கினர். இரண்டும் ஒரே பொருளுடையன போலவே மொழிபெயர்க்கப்பட்டு வந்தன. ஒரு மொழி ஒரே பொருளுக்கு இரு முழுமையான வடிவ வரிசைகளைக் காரணமின்றிப் பேணி வருமா என்னும் ஐயத்தினின்று பிறந்ததே, 1944-இல் கெய்ரோவில் காப்டிக் தொல்பொருட் கழகம் வெளியிட்ட ‘காப்டிக் தொடரியல் ஆய்வுகள்’ என்னும் நூல். பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது அது.

அவர் கண்ட விடை இது. இரண்டாங்கால வடிவம் வரும் தொடரில் செய்தியின் மையம் வினையன்று. வினையைச் சார்ந்து பின்வரும் இடம், காலம், காரணம் முதலியவற்றைக் குறிக்கும் அடையே மையம். வினை முன்னரே அறியப்பட்டதாய்ப் பின்னிலையில் ஒதுங்கி நிற்கும். இலக்கண நெறியிற் கூறின், வினை பெயர்த்தன்மை எய்தி எழுவாயாகின்றது, அடை பயனிலையாகின்றது. பிரெஞ்சு மொழியில் ‘இதுதான்’ என அடையை முன்னெடுத்துச் சுட்டிப் பின் வினையைத் தொடுக்கும் அமைப்பினை அவர் ஒப்புமையாகக் காட்டினார்.

அவர் காட்டிய சான்றுகளுள் மூன்று குறிப்பிடற்பாலன. முதலாவது, வினாத்தொடர். எங்கே, எப்பொழுது, எதனால் என்னும் வினாச்சொல் வினைக்குப் பின் நிற்குமிடத்துக் காப்டிக்கில் இரண்டாங்காலமே வரும். வினாவில் அறியப்படாத பகுதி வினாச்சொல்லே. எஞ்சியது கேட்போனும் சொல்வோனும் முன்னரே அறிந்தது. ஆதலின் அவ்வடிவத்தின் பண்பு அங்கே ஐயத்திற்கு இடமின்றித் தெரிகின்றது. இரண்டாவது, விவிலிய மொழிபெயர்ப்பு. கிரேக்க மூலத்தில் இத்தகைய இரட்டை வடிவங்கள் இல்லை. எனவே, காப்டிக் மொழிபெயர்ப்பாளர் ஓரிடத்து இரண்டாங்காலத்தைக் கொண்டாராயின், அது மூலத்தைப் பின்பற்றியதன்று. தொடரின் பொருளை உணர்ந்து தம் மொழி மரபால் கொண்டதேயாம். கெட்டிங்கனில் அவர் பெற்ற பயிற்சி இங்குக் கைகொடுத்தமை வெளிப்படை.

மூன்றாவது சான்று எதிர்மறை. எனக்கு இதுவே எல்லாவற்றினும் வலியதாகத் தோன்றுகின்றது. முதலிறந்தகாலம் ‘எம்பெ-’ எனத் தொடங்கும் தனி எதிர்மறை வடிவம் உடையது. இரண்டாமிறந்தகாலமோ, அதனைக் கொள்ளாது, பெயர்த்தொடரை மறுக்கும் ‘ஆன்’ என்னும் சொல்லைக் கொள்ளும். பெயர்க்குரிய மறுப்பினை ஏற்பது பெயர்த்தன்மை உடையதாதல் வேண்டும். மேலும் அங்கு மறுக்கப்படுவது செயலன்று. செயலுக்கும் அடைக்கும் உள்ள இயைபே.

தமிழில் இது மிக எளிதின் விளங்கும். ‘அவன் நேற்று வந்தான்’ என்பது வினைத்தொடர். ‘அவன் வந்தது நேற்று’ என்பது தொழிற்பெயரை எழுவாயாகவும் காலப்பெயரைப் பயனிலையாகவும் உடைய பெயர்த்தொடர். முன்னதன் மறுப்பு ‘அவன் நேற்று வந்திலன்’ என்பது, வருகையே இன்றாயிற்று. பின்னதன் மறுப்பு ‘அவன் வந்தது நேற்று அன்று’ என்பது; வருகை நிகழ்ந்தது உண்மை, நாள்தான் வேறு. இல் என்னும் அடியும் அன்று என்னும் சொல்லும் இவ்விரு தொடர்களையும் எவ்வாறு பிரித்துக் காட்டுகின்றனவோ, அவ்வாறே ‘எம்பெ-’, ‘ஆன்’ என்பனவும் காப்டிக் இறந்தகாலத்தைப் பிரித்துக் காட்டுகின்றன. மேலே, பொலோட்ஸ்கி ‘வளர்ந்தது பெர்லினில்’ என எழுதியதும் இத்தகைய தொடரே. அவர் வளர்ந்தார் என்பது யாரும் அறிவிக்க வேண்டாத செய்தி, ஊரே செய்தி.

ஒப்புமை இன்னும் ஒருபடி செல்கின்றது. ‘வந்த’ என்னும் பெயரெச்சத்தோடு ஈறு சேர ‘வந்தது’ என்னும் தொழிற்பெயர் அமைகின்றது. காப்டிக்கின் ‘என்தஃப்-’ என்னும் இரண்டாங்கால வடிவமும் பெயரெச்ச நிலையில் வரும் வடிவத்தோடு உருவில் ஒத்தது. ‘வந்தது’ என்பதே தமிழில் அஃறிணை ஒருமை முற்றாகவும் வரும். உருவு ஒன்று, நிலை இரண்டு. தொடரை நோக்காது சொல்லை மட்டும் நோக்குவான் ஒருவன், ‘அவன் வந்தது நேற்று’ என்பதில் திணை வழு உண்டென்று கூறுவான். சேத்தேயின் முறைக்கும் பொலோட்ஸ்கியின் முறைக்கும் உள்ள வேறுபாட்டினை இவ்வொரு தொடரைக் கொண்டே காட்டலாம்.

வேறுபாடும் உண்டு, அதனையும் கூறுதல் முறை. தமிழில் ‘வந்தது நேற்று’, ‘வந்தவன் கண்ணன்’ என அடையும் பெயரும் ஏறத்தாழ ஒரே அமைப்பில் மையமாகின்றன. எகிப்தியத்தில் பெயர் மையமாகுமாயின் வேறொரு தொடர் வேண்டும்: ‘இன்’ என்னும் இடைச்சொல்லைப் பெயர்க்கு முன் வைத்து, அதன்பின் வினையாலணையும் பெயரை ஒத்த வடிவத்தை வைப்பர். இத்தொடரைப் பாட்டிஸ்கோம் கன் 1924-இல் வெளியிட்ட எகிப்தியத் தொடரியல் ஆய்வுகளில் நன்கு ஆராய்ந்திருந்தார். பெயரை மையமாக்கும் அத்தொடரும், அடையை மையமாக்கும் இரண்டாங்காலத் தொடரும் ஒரே அமைப்பின் இரு பாதிகள் என்பது பொலோட்ஸ்கியால் விளங்கியது.

இவ்வொப்புமை கண்டு, தமிழும் எகிப்தியமும் ஓரினம் எனக் கூற எவரேனும் முற்படின், அவர் பிரெஞ்சு மொழியையும் அவ்வினத்தில் சேர்த்தாக வேண்டும். தெரிந்ததைப் பின்தள்ளித் தெரியாததை முன்வைக்கும் தேவை எல்லா மொழிகளுக்கும் உரியது. ஒவ்வொரு மொழியும் தன்னிடமுள்ள கருவியால் அதனை நிறைவு செய்கின்றது. சொற்பட்டியலைக் கொண்டு உறவு நாட்டும் ஆர்வம் நம்மிடையே இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆதலின் இவ்வளவு கூற வேண்டியதாயிற்று.

காப்டிக்கில் நிறுவியதனைப் பொலோட்ஸ்கி அம்மொழியின் முன்னை நிலைகளுக்குக் கொண்டு சென்றார். இடைப்பட்ட டெமோட்டிக்கிலும், அதற்கு முற்பட்ட பிற்கால எகிப்தியத்திலும், அடையை மையமாக்கும் வினை வடிவம் எழுத்திலேயே வேறுபடுத்திக் காட்டப்பட்டிருந்தது. அவ்வழியே ஏறிச் சென்றபோது, கி.மு. இரண்டாயிரத்தையொட்டிய நடுக்கால எகிப்தியத்தில் அதே இடத்தை நிரப்பி நின்றது, எர்மானும் கார்டினரும் விளக்க முயன்ற இரட்டித்த வடிவமே. சவப்பெட்டி எழுத்துக்களில், இறந்தோனை நோக்கி எதனை உண்டு வாழ்கின்றாய் என வினவும் பகுதிகள் உண்டு. வினாச்சொல் இறுதியில் நிற்கும் அத்தகைய தொடர்கள் இங்கும் உரைகல்லாயின. இரட்டிப்பு, செயல் பலகால் நிகழ்தலைக் காட்டுவதன்று. வினை பெயர்த்தன்மை எய்தியதைக் காட்டுவது. எர்மான் இட்ட அழுத்த வடிவம் என்னும் பெயர் மட்டும் நிலைத்தது. ஆயின் அழுத்தம் பெறுவது வினை என்று அவர் கருதினார், உண்மையில் வினையொழிந்த மற்றொன்றே அழுத்தம் பெறுகின்றது. பெயர் நிலைத்துப் பொருள் முற்றும் மாறிய கலைச்சொற்களுள் இதுவும் ஒன்று.

அவருடைய ஆசிரியப் பணி பற்றிச் சிறிது கூறல் வேண்டும். 1930-களில் அவரிடம் பயின்ற மிரியம் லிக்டைம் அம்மையார், ஆண்டின் தொடக்கத்தில் எகிப்திய வகுப்பில் நால்வர் இருந்தனர் எனவும், இறுதியில் தாம் ஒருவரே எஞ்சியதாகவும் நினைவு கூர்ந்துள்ளார். அவ்வொருவரே பின்னர் 1973, 1976, 1980 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக ‘பண்டை எகிப்திய இலக்கியம்’ என்னும் மொழிபெயர்ப்பை வெளியிட்டவர். எகிப்திய இலக்கியத்தை ஆங்கிலத்தில் கற்போர் பெரும்பாலோர் அவர் வழியாகவே கற்கின்றனர். மாணவர் தொகையைக் கொண்டு ஒரு துறையை அளக்கும் வழக்கத்திற்கு இது தக்க விடை. பொலோட்ஸ்கி எகிப்தியத்தோடு நில்லாது, எத்தியோப்பியாவின் குராகே மொழி, புதிய அரமேயம் முதலியவற்றிலும் உழைத்தார். 1951-இல் குராகே இலக்கணக் குறிப்புக்கள் என்னும் நூலை வெளியிட்டார். கிடியோன் கோல்டன்பெர்க், ஏரியல் ஷிஷா-ஹலேவி முதலியோர் அவர்வழி உருவாகிய மொழியியலார். 1965-இல் இசுரேல் நாட்டின் உயரிய பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. ஆயினும் பண்டை எகிப்தியத்திற்கு முழு இலக்கணம் ஒன்றனை அவர் எழுதினாரல்லர். கட்டுரைகளே அவர் விரும்பிய வடிவம். 1971-இல் அவை ஒரு பெருந்தொகுதியாயின.

அக்கட்டுரைகளுள் 1957-இல் வெளிவந்தது ஒன்று தனித்துக் கூறற்குரியது. ‘வா’, ‘போ’, ‘இறங்கு’ போன்ற இயக்க வினைகள் நடுக்கால எகிப்தியத்தில் இறந்தகாலச் செய்தியை வாளா கூறுமிடத்து, நிலைமையை உணர்த்தும் தனி வடிவத்தைக் கொள்ளும். அவ்வினைகளே சிலவிடத்து, பிற வினைகளுக்குரிய ‘செஜெம்-என்-எஃப்’ என்னும் இறந்தகால வடிவத்தையும் கொள்கின்றன. எவ்விடத்து? எங்கிருந்து வந்தான், எதற்காக வந்தான் என்பதே செய்தியாகுமிடத்து. இரட்டிப்பு முதலிய எவ்வடையாளமும் இல்லாத வடிவத்திலும் பெயர்த்தன்மை உண்டென்பதை, அவ்வடிவம் வாராத இடங்களைக் கொண்டு அவர் நிறுவினார். ஒரு வடிவம் வருமிடங்களைத் தொகுப்பார் பலர். வருதற்குரியதாயிருந்தும் வாராத இடங்களைத் தொகுப்பார் சிலரே. 1960-இல் எழுதிய காப்டிக் வினையமைப்புப் பற்றிய கட்டுரையும் இத்தகையதே. நிகழ்காலத் தொடர் ‘அவன் வீட்டில் உளன்’ என்பதைப் போன்று ஈருறுப்புடைய தொடர், ஏனைய காலங்கள் மூவுறுப்புடையன என அவர் அதில் பகுத்தார். நிகழ்காலமும் ‘ஆன்’ என்னும் மறுப்பை ஏற்பது ஏன் என்பதற்கு அப்பகுப்பு விடை தந்தது. இன்றும் காப்டிக் கற்பிப்போர் அதனைக் கைவிட்டிலர்.

1965-இல் இசுரேல் அறிவியல் கலைக் கழக வெளியீடாக வந்த ‘எகிப்தியக் காலங்கள்’ என்னும் சில பக்கக் கட்டுரை, அதுவரை கண்டவற்றை நடுக்கால எகிப்திய வினையமைப்பு முழுமைக்கும் விரித்தது. அங்கே தொடங்கிய வழி, 1976-இல் வெளிவந்த ‘வினையின் நிலைமாற்றங்கள்’ என்னும் கட்டுரையில் தன் முடிவினை எய்தியது. அதில் வினை மூவகையாக நிலைமாறும் என்றார்: பெயராதல், பெயரடையாதல், வினையடையாதல். தமிழ் மரபிற் கூறின், தொழிற்பெயர், பெயரெச்சம், வினையெச்சம் என்பன. நம் வினைப் பாகுபாட்டினின்று முற்றினை நீக்கினால் எஞ்சுவன இவை. உண்மையிலேயே முற்று நீங்கத்தான் செய்தது. ஏவல் முதலிய சிலவற்றை ஒழித்து, நடுக்கால எகிப்தியக் கதைகளிலும் கல்வெட்டுக்களிலும் நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூறிச் செல்லும் வினைகளும், ‘இயூ’ முதலிய இடைச்சொற்களின் பின் வந்து தலைமைச் செய்தியைத் தாங்கும் வினைகளும், வினையடையாய் நிலைமாறியவையே எனக் கொள்ளப்பட்டன. ‘அவன் வீட்டில் உளன்’ என்னும் தொடரில் ‘வீட்டில்’ நிற்குமிடத்து வினை நிற்றலின், வினையும் அத்தகைய அடையே என்பது வாதம்.

ஒரே பகுப்பு எல்லாவற்றையும் அடக்கியமையால், இக்கோட்பாடு வகுப்பறைகளில் விரைந்து பரவியது. 1983-இல் லியோ டெப்பேய்ட் இதற்குப் பொதுநிலைக் கோட்பாடு என்னும் கருத்துப்படப் பெயரிட்டு எழுதினார். பெயரே அது பெற்ற செல்வாக்கினைக் காட்டும். ஆயினும் மூன்றே ஆண்டுகளில், 1986-இல், டென்மார்க்கில் கூடிய எகிப்திய இலக்கண அறிஞர் மாநாட்டின் பொருள், இது குழப்பமா அன்றிப் புதியதொரு நெறியின் தொடக்கமா என்பதாயிருந்தது. 1990-இல் மார்க் காலியர் எழுதிய கட்டுரை நேரே மையத்தைத் தாக்கிற்று. வினையடை நிற்கும் இடத்தில் ஒரு வினை நிற்பதனாலேயே அது வினையடையாகிவிடாது; அது வினையாகவே இருந்து அத்தொழிலைச் செய்யலாம் என்பது அவர் கருத்தின் சாரம். சொல்லின் இனம் வேறு, தொடரில் அது ஆற்றும் தொழில் வேறு.

காலியர் தம் வாதத்தை இக்கால மொழியியல் நெறி நின்று நிறுவினார். நம் இலக்கண மரபில் இதற்கு நெடுநாளாகவே பெயருண்டு: முற்றெச்சம். ‘கண்டனன் வணங்கினான்’ என்பதில் ‘கண்டனன்’ என்பது ‘கண்டு’ என்னும் பொருளில் நின்று, மற்றொரு வினையைக் கொண்டு முடிகின்றது. தொழிலால் அது எச்சம், உருவால் முற்று. இடைநிலையும் பால்காட்டும் ஈறும் அதன்கண் அழியாது நிற்கின்றன. முற்று எச்சமாய் வருதலை உடன்பட்ட நன்னூலார், முற்று என்னும் வகையே தமிழில் இல்லை என்று கூறத் துணிந்தாரல்லர். பொலோட்ஸ்கி 1976-இல் செய்தது, முற்றெச்சங்களைக் கண்டு முற்றுக்கள் யாவும் வினையெச்சமே என முடிவு செய்ததை ஒக்கும்.

இத்தகைய கூர்த்த அறிவினர் இம்முடிவிற்கு வந்தது எவ்வாறு? அவருக்கு மாறுபட்டோர் சிலர், முறைமையின் அழகில் அவர் மயங்கினார் என்பர். அது பாதி விடையே. யான் கருதுவது வேறு. பெயராகிய நிலைமாற்றத்திற்கு அவர் 1944-இல் காட்டிய சான்றுகள் யாவும் கண்ணாற் காணத்தக்கவை: காப்டிக்கில் வேறுபட்ட வடிவம், வேறுபட்ட எதிர்மறை, நடுக்கால எகிப்தியத்தில் இரட்டிப்பு. இறுதிநிலை மொழியில் தெளிவாய் உள்ளதைக் கொண்டு முதனிலை மொழியின் மறைவைத் திறந்தார். வினையடையாகிய நிலைமாற்றத்திற்கோ அப்பாலம் இல்லை. காப்டிக்கில் சார்புநிலைத் தொடர்க்கு ‘எ-’ என்னும் அடையாளம் வெளிப்படையாக உண்டு. தலைமைத் தொடரில் அது வாராது. நடுக்கால எகிப்தியத்தில் அவ்வாறு இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம் எழுத்தில் இல்லை. எனவே அங்கு அவர் வடிவத்தினின்று தொழிலுக்குச் செல்லாது, தொழிலினின்று வடிவத்தை ஊகித்தார். உயிரொலி எழுதாத எழுத்து அவ்வூகத்தை மறுக்க வலியற்றதாயிருந்தது, உடன்படவும் வலியற்றதாயிருந்தது. இரட்டித்த வடிவம் பற்றி அவர் கூறியது பெரும்பான்மையும் ஏற்கப்பட்டு நிற்பதும், வினையடைக் கோட்பாடு தளர்ந்ததும் இவ்வேறுபாட்டால்தான். இரண்டனையும் ஒரே கோட்பாடாகக் கொண்டு, பின்னதனோடு முன்னதனையும் தள்ளுவோர் தவறிழைக்கின்றனர். முன்னதன் வெற்றியைக் காட்டிப் பின்னதனைக் காப்பாற்ற முயன்றோரும் அவ்வாறே.

அகவை எண்பதைக் கடந்தபின் பொலோட்ஸ்கி மீண்டும் காப்டிக்கிற்கே வந்தார். ‘காப்டிக் தொடரமைப்பின் அடிப்படைகள்’ என்னும் நூல் இரு பகுதிகளாக 1987-இலும் 1990-இலும் செருமன் மொழியில் வெளிவந்தது. 1935-இல் அவர் விட்டு நீங்கிய நாட்டின் மொழியையே, அரை நூற்றாண்டிற்குப் பின்னும், தம் பெருநூலுக்கு அவர் தேர்ந்துகொண்டார். பெயர்த்தொடரும், பெயரெச்சமும், மையமாக்கும் தொடரும் எழுத்திலேயே உருவங்காட்டி நிற்கும் மொழியைப் பற்றியது அந்நூல். ஊகத்திற்கு அதில் இடம் குறைவு. இரண்டாம் பகுதி வெளிவந்த மறு ஆண்டு, 1991 ஆகஸ்டுத் திங்களில், அவர் எருசலேமில் காலமானார்.